ஏழு தீவுகள் தெரியாதவன்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், மலை இறங்கி ஆற்றைத் தொடும் சரிவில் இருந்த தெற்குச் சவ்வு ஆய்வு நிறுவனத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஏழு பச்சைப் பொட்டுகள். வாசல் கண்ணாடியில் ஏழு பொட்டு. தரை ஓட்டில் ஏழு பொட்டு. ஊழியர் கழுத்தில் தொங்கும் அட்டையில், கழிப்பறைக் கதவில், காலைத் தேநீருக்கு வரும் பிஸ்கட்டின் மேல் சர்க்கரையால் வைத்த ஏழு பொட்டு. ஒருமுறை எட்டுப் பொட்டு வைத்த பிஸ்கட்டுகள் இருபது வந்துவிட்டன. பேக்கரிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பிஸ்கட்டுகளைப் பூட்டி வைத்தார்கள். அவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு இன்னும் கூடவில்லை.

பொட்டுகள் வந்த கதை இது. பாக்டீரியா என்பது ஒற்றை அறை வீடு. உள்ளே தடுப்பு கிடையாது. அதன் புரதங்களில் பல, வீட்டுச் சுவரிலேயே, அதாவது மேலே போர்த்திய சவ்விலேயே பதிந்திருந்து வேலை செய்யும். அவை சுவர் முழுக்கப் பரவி மிதக்கின்றனவா, அங்கங்கே கூட்டமாகச் சேர்ந்து நிற்கின்றனவா என்பது பெரிய கேள்வி. சில புரதங்கள் உண்மையிலேயே கூட்டம் கூடும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் பேராசிரியர் நெவில் ஸ்ட்ரேகன், ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவை எடுத்து, உப்பை வெளியே இறைக்கும் அதன் புரதத்துக்கு ஒளிரும் வால் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். சவ்வில் பச்சைத் தீவுகள் தெரிந்தன. சில பாக்டீரியாவில் ஐந்து, சிலதில் ஒன்பது. படத்துக்கு எடுத்ததில் ஏழு. அன்றிலிருந்து ஏழு.

அந்தப் படம் எடுத்தபோது பொத்தானை அழுத்தியவள் கிளெனிஸ் பைபஸ். கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். மைக்ராஸ்கோப் அறைக்குள் துடைக்கப் போய், அங்கேயே தங்கி, அந்த இயந்திரத்தை அந்த ஊரில் எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்துகொண்டவள். பட்டம் கிடையாது. க்ளேர்மாண்ட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். மத்தியானம் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றை ஜன்னலோரம் நின்றே சாப்பிடுவாள். பட்டம் வாங்கிய டாக்டர்கள் மாதிரித் தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று தவிக்கும்போது, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஃபிஜியில் ஒவலாவ் தீவிலிருந்து உதவித்தொகையில் ஆராய்ச்சிக்கு வந்த அபிசாய் முதல் நாள் அவளை மேடம் என்றான். "மேடம்னா யாரோ போலீஸ்காரி மாதிரி இருக்கு, வேண்டாம்பா," என்றாள். மறுநாளிலிருந்து கிளெனிஸ் ஆன்ட்டி. அவன் அப்பா விலியாமே படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அபிசாயும் எட்டு வயதிலிருந்து ஸ்பானர் பிடித்தவன். அவன் கண்ணாடித் தகட்டை வைக்கும் பாங்கைப் பார்த்து கிளெனிஸ் அசந்துபோயிருக்கிறாள். அவ்வளவு பெரிய விரல்கள், அவ்வளவு மெல்லிய கண்ணாடி. ஒன்று கூட உடைந்ததில்லை.

ஆனால் அவனுக்கு அந்த ஒளிவால் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, வால் ஒட்டின பிறகு அது அதே புரதமாவே நடந்துக்கும்னு எப்படித் தெரியும்? வால் இல்லாம பார்த்தா என்ன?"

வால் ஒட்டாத புரதத்தை வேறொரு சாயம் தடவிக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. வேலை அதிகம். அபிசாய் ஒரு வருடம் அதைச் செய்தான். தீவுகள் தெரியவில்லை. பாக்டீரியாவின் விளிம்பு முழுக்க, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, ஒரே சீராக வெளிச்சம். ஒரு வருடம் கழித்து அதை ஸ்ட்ரேகனிடம் காட்டினான்.

ஸ்ட்ரேகன் படத்தைக் கையில் வாங்கவில்லை. "தீவு இருக்கு. உனக்குத் தெரியல. அப்போ உன் கை சரியில்லைன்னு அர்த்தம். இதுல விவாதிக்க என்ன இருக்கு?" என்றார்.

அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. கைத்திறன் மதிப்பீட்டுப் படிவம். மைக்ராஸ்கோப் அறைப் பொறுப்பாளர், அதாவது கிளெனிஸ், நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ஒன்று: நேரத்துக்கு வருகிறாரா? இரண்டு: சுத்தமாக வைத்துக்கொள்கிறாரா? மூன்று: கண்ணாடி உடைக்கிறாரா? நான்கு: இவரால் ஏழு தீவுகளை எடுக்க முடிகிறதா? ஆம், இல்லை. இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். நான்காவதில் 'இல்லை' வந்தால் மற்றவை கணக்கில்லை என்று அடியில் போட்டிருந்தது.

கிளெனிஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவனால் எடுக்க முடியவில்லை என்பது உண்மைதானே? பொய் எழுதுகிறவள் இல்லை அவள். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

உதவித்தொகை நின்றுபோய் அபிசாய் ஊருக்குப் போகிற அன்று காலைத் தேநீருக்கு அவனுக்கு ஏழு பொட்டு பிஸ்கட் ஒரு டப்பா கொடுத்து வழியனுப்பினார்கள். "என் கை இப்படின்னு எனக்கே தெரியாம போச்சு ஆன்ட்டி," என்று சிரித்தான். அவள் அவன் கோட்டின் காலரைச் சரி செய்துவிட்டாள்.

ஆறு வருடம் போனது. புது மைக்ராஸ்கோப் வந்தது. சோதித்துப் பார்க்கப் புது ரக ஒளிவால் ஒன்றும் கூடவே வந்தது. உடன் இருந்த தாளில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பழைய ரக வால்களுக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணம் உண்டு, புது வால் பற்றிக்கொள்ளாது. கிளெனிஸ் அதே பாக்டீரியாவில், அதே உப்புப் புரதத்தில், புது வாலை ஒட்டி வளர்த்து, வழக்கம்போல கண்ணை வைத்துப் பார்த்தாள்.

தீவுகள் இல்லை. விளிம்பு முழுக்க ஒரே சீரான வெளிச்சம்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மறுநாள் பார்த்தாள். மூன்று வாரம் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை தோன்றி, சவ்வில் சீராகப் பரவிக் கிடக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த வேறொரு புரதத்தில் பழைய வாலை ஒட்டினாள். அங்கே தீவுகள் முளைத்தன. அழகான, பச்சையான, நிறுவனத்தின் வாசல் கண்ணாடியில் இருந்த அதே தீவுகள். புரதம் கூட்டம் கூடவே இல்லை. வால்கள்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு புரதங்களை இழுத்துக் குவித்திருக்கின்றன.

பழைய அலமாரியில் அபிசாய் விட்டுப்போன படக்கட்டு கிடந்தது. தன் படத்தை அவன் படத்தின் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்று. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் ஆட்கள், பண்பாடு மற்றும் செழிப்புத் துறையின் இயக்குநர் பிரான்வின் டாஸ்கர் மிகவும் அன்பானவள். எல்லோரையும் பெயர் சொல்லி, தோளைத் தொட்டுத்தான் பேசுவாள்.

"தீவு காணோம்னு சொல்ல வந்தேன்," என்றாள் கிளெனிஸ்.

"காணாமப் போன பொருளா? பச்சைப் படிவம். ஆனா அது குடை, பர்ஸ் மாதிரி சொந்தப் பொருளுக்குத்தான். நிறுவனத்தோட பொருள்னா நீலம். களவு போச்சா, தொலைஞ்சு போச்சா?"

"ரெண்டும் இல்ல. முதல்லேருந்தே இல்லை."

பிரான்வின் படிவங்களைப் புரட்டினாள். "முதல்லேருந்தே இல்லாததுக்கு நம்மகிட்டப் படிவம் இல்லையே, கிளெனிஸ். நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

இயந்திரக் கோளாறு என்று பதிந்துகொண்டார்கள். மெல்போர்னிலிருந்து பொறியாளர் வந்து இரண்டு நாள் மைக்ராஸ்கோப்பைப் பிரித்துப் பூட்டினார். கோளாறு எதுவும் இல்லை, மிகத் துல்லியமாகத் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த துணை இயக்குநர் அவரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார்: "பழசை விட நல்லாத் தெரியுதா?"

"எவ்வளவோ மேல்."

"அதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

பொறியாளர் அதற்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

அடுத்தது கிளெனிஸின் கை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளுக்குக் கைத்திறன் மதிப்பீடு. மதிப்பிட வந்தவன் டாக்டர் டிரிஸ்டன் ஓல்ட். மைக்ராஸ்கோப்பின் எந்தப் பக்கத்தில் கண்ணை வைக்க வேண்டும் என்பதிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவள் எதிரே உட்கார்ந்து புது வால் ஒட்டிய மாதிரியைப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்த்தான். அவனுக்கும் தீவு தெரியவில்லை. அவள் எடுத்த படத்தையும் பார்த்தான். படிவத்தையும் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்க கிளெனிஸ். ரெண்டே கட்டம்தான் இருக்கு. எனக்கு வீட்டுல சின்னக் குழந்தை."

"போட்டுக்கப்பா. அந்தப் பேனாவை நானும் பிடிச்சிருக்கேன்."

அவன் குறி போட்டான்.

விசாரணைக் குழு ஏழு பேர் கொண்டது. ஸ்ட்ரேகன் எழுந்து நின்று, கோபமே இல்லாமல், வருத்தத்தோடு பேசினார்.

"நண்பர்களே, இந்த நிறுவனத்துல இதுவரைக்கும் நாற்பத்திரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. நாற்பத்திரண்டு பேருக்கும் தீவு தெரிஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்கு நாம பட்டம் குடுக்குறது இல்ல. யோசிச்சுப் பாருங்க, பட்டம் வாங்கின ஒருத்தருக்குக்கூட தெரியாம இருந்ததில்ல! இதை விடப் பெரிய சான்று எந்த விஞ்ஞானத்துல இருக்கு? கிளெனிஸ் மேல எனக்கு ரொம்ப மரியாதை. அவங்க டீ போட்டு நான் குடிச்சிருக்கேன். ஆனா அவங்க பார்க்குறதுக்குப் பயிற்சி பெற்றவங்க இல்ல. கண்ணு மட்டும்தான் இருக்கு."

குழு தலையாட்டியது. கிளெனிஸ் கேட்டாள்: "நீங்க ஒருதடவை வந்து குனிஞ்சு பார்க்கலாமே, நெவில்?"

"பதினெட்டு வருஷமா நான் குனியல," என்றார் அவர். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அவளைக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த அதே தொட்டி. மனநலப் பயிற்சி ஒன்றுக்கும் அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் கண்ணை மூடச் சொல்லி, உங்களுக்கு நிம்மதி தரும் ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு தீவாகக் கூட இருக்கலாம் என்றாள். கிளெனிஸ் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

பதினான்கு மாதம் கழித்து ஜெர்மனியில் யாரோ ஒரு குழு இதே பாக்டீரியாவில் இதே புது வாலை ஒட்டிப் பார்த்து, தீவுகள் இல்லை, எல்லாம் வாலின் வேலை என்று பிரசுரித்தது. இரண்டு நாள் நிறுவனத்தில் மயான அமைதி. மூன்றாம் நாள் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். ஸ்ட்ரேகன் புதுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"இன்னிக்குப் பெருமையான நாள்," என்று தொடங்கினார். "விஞ்ஞானம்னா தப்பைத் திருத்திக்கிறது. திருத்தணும்னா முதல்ல யாராவது தப்புப் பண்ணணும். அந்தப் பொறுப்பை நாமதான் ஏத்துக்கிட்டோம். உலகத்துல வேற யாரும் இவ்வளவு தைரியமா, இவ்வளவு நாள் தொடர்ந்து பண்ணல. நாம இல்லைன்னா அந்த ஜெர்மன்காரங்களுக்குக் கண்டுபிடிக்க என்ன இருந்திருக்கும்?"

கை தட்டினார்கள். நேர்மைக்கான அவ்வருடத்து நிறுவன விருதை ஸ்ட்ரேகனுக்குக் கொடுத்தார்கள். 'தீவுகளுக்கு அப்பால்' என்ற புதிய திட்டத்துக்கு அரசு நிதி கிடைத்தது. வாசல் கண்ணாடியில் இருந்த பொட்டுகளைச் சுரண்டி எடுத்தார்கள். சிட்னியிலிருந்து வந்த ஒரு வடிவமைப்புக் கம்பெனி நான்கு மாதம் யோசித்து, உள்ளே எதுவும் இல்லாத ஒரு முட்டை வடிவத்தைப் புதுச் சின்னமாகக் கொடுத்தது. தேநீர் பிஸ்கட் மொட்டையாக வந்தது.

கிளெனிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அபிசாய்க்கு ஒரு மன்னிப்புக் கடிதம்.

"அருமையான எண்ணம்!" என்று பிரான்வின் அவள் தோளைத் தொட்டாள். "ஆனா அவர் தீவு விஷயத்துல போகலையே, கிளெனிஸ். கைத்திறன் குறைவுன்னுதான் பதிவு."

"நாலாவது கேள்வியே தீவுதானே?"

"அந்தப் படிவத்தை நாம வாபஸ் வாங்கியாச்சு. வாபஸ் வாங்கின படிவத்துல இருக்குறதைத் திருத்த முடியாது. திருத்தணும்னா அது நடைமுறையில இருக்கணும்."

"அப்போ அவன் மேல போட்ட குறி மட்டும் நிக்கும்?"

"குறி அவர் கோப்புல இருக்கு. கோப்பு அவரோட அந்தரங்கம். அதை நான் எப்படித் திறக்க முடியும், சொல்லுங்க? அவர் உரிமையை நாம மதிக்கணும்." பிரான்வினின் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அவள் வேலையை அவள் நம்பினாள்.

கிளெனிஸ் அன்று மாலையே அபிசாயின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். குரல் மாறவில்லை. ஒவலாவிலேயே லெவூக்கா ஊரில் மீன் ஐஸ் கிடங்கில் வேலை என்றான்.

"என்ன வேலைப்பா?"

"வாசல்ல நிக்கிற வேலை. கை வச்சுச் செய்யுற வேலை வேண்டாம்னு நானே கேட்டு வாங்கினேன், ஆன்ட்டி. நல்லா இருக்கீங்களா? மலையில பனி விழுந்துதா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஐஸ் கொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"அப்போ இல்லையா?"

"இல்லப்பா. என்னிக்குமே இல்ல."

"நான் நம்பிட்டேனே," என்றான். "என் கைதான்னு நான் நம்பிட்டேனே, ஆன்ட்டி. அப்பாகூட என்னை எஞ்சின் கிட்ட விடுறதில்ல."

கிளெனிஸ் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டாள். சிட்னி வழியாக ஃபிஜியின் நாண்டிக்கு விமானம், அங்கிருந்து பஸ், பிறகு படகு. வழியில் சுவா நகரச் சந்தையில், பெரியவர் முன்னால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பஸ்ஸில் ஒரு பெண் சொன்னதால், இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவா வேர்க்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். கைப்பையில் இரண்டு படங்கள், நிறுவனத்தின் பழைய படம் ஒன்று, அபிசாய் எடுத்தது ஒன்று.

விலியாமே பெரிய உருவம். ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முறைப்படி வாங்கித் தொட்டு, நாலு வார்த்தை சொல்லி ஏற்றுக்கொண்டார். அபிசாய் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தான். உடம்பு பெருத்திருந்தான். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தான்.

கிளெனிஸ் படங்களைப் பாயில் வைத்தாள். ஒன்றில் பச்சைத் தீவுகள் பளிச்சென்று இருந்தன. மற்றதில் வெறும் வெளிச்ச வளையம்.

விலியாமே நல்ல கண்ணுக்கு நேரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுல எது என் பையன் எடுத்தது?"

"தீவு இல்லாதது."

"எது சரி?"

"அதுதான் சரி."

அவர் யோசித்தார். "அப்போ, ஒண்ணும் இல்லாத இடத்தைப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு சொன்னான். அதுக்கா திருப்பி அனுப்பினாங்க?"

"ஆமா."

"இங்க ஒரு தாள் வந்துச்சே. கை சரியில்லைன்னு. கையெழுத்தெல்லாம் போட்டு."

"அந்தக் கையெழுத்து என்னோடது," என்றாள் கிளெனிஸ்.

விலியாமே அவளைப் பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பித் தங்கள் மொழியில் ஏதோ பேச ஆரம்பித்தார். தாழ்ந்த குரலில், தட்டுத் தடுமாறி, நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை கொல்லைப்புறத்தை, எஞ்சின்கள் கிடந்த பக்கத்தைக் கை காட்டினார். அபிசாய் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தனக்குரிய பேச்சில்லை அது என்று புரிந்து, கிளெனிஸ் மெல்ல எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். எதிரே கடல். அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அபிசாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்டார். ரெண்டு எஞ்சின் கெட்டப்போ நான் தொட்டதாலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாராம். அதுக்கு." மூக்கை உறிஞ்சினான். "அவர் எதுக்கு ஆன்ட்டி கேக்கணும்? அவர் தாளைத்தானே நம்பினார். கேக்க வேண்டியவங்க யாரும் கேக்கல."

"நான் கேக்கத்தான் வந்தேன்."

"தெரியும்," என்றான் அபிசாய். கடலைப் பார்த்தபடியே சொன்னான். "வந்ததுலேருந்து படத்தைக் காட்டுறீங்க, வாலைப் பத்திச் சொல்றீங்க. இன்னும் கேக்கல."

கிளெனிஸ் விமானத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம், நினைத்துப் பார்த்தால், ஸ்ட்ரேகன் கூடத்தில் பேசிய பேச்சு மாதிரியே இருந்தன. அவற்றை விட்டுவிட்டாள்.

"உன் கை நல்ல கைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். "தெரிஞ்சுதான் குறி போட்டேன். என்னை மன்னிச்சிரு, அபிசாய்."

உள்ளேயிருந்து விலியாமே இருவரையும் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். அபிசாய் எழுந்தான். அவளுக்கு எழுந்திருக்கக் கை கொடுக்கவில்லை. ஆனால் அவள் எழுந்து வரும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.